அரை டாக்டரும் ஹெட்மாஸ்டரின் ஒற்றைச் சொல்லும்

பள்ளிக்கூடமும் தானும் ஒத்துவரவில்லை என்று ஆறாம் வகுப்போடு கை கழுவிய ஆளுக்கு நிஸ்டாக்மஸ் என்ற சொல் எதற்கு? கேட்டுப் பாருங்கள், பதில் தயாராக இருக்கும். "கண்ணு ரெண்டும் ஊஞ்சலாடுது, நிக்க மாட்டேங்குது, இந்தப் பக்கம் ஓடுது, அந்தப் பக்கம் ஓடுதுன்னு எவ்வளவு நேரம்யா சொல்றது? நிஸ்டாக்மஸ். ஒரே வார்த்தை. முடிஞ்சுது சோலி."

நரம்பியல் வார்டில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் அவர். தள்ளத் தொடங்கி இருபத்துநாலு வருடம் ஆகிறது. படுக்கை விரிப்பு மாற்றுவது, மூத்திரப் பாத்திரம் எடுப்பது, நோயாளியை ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவது, எல்லாம் அவர் தலையில்தான். ஆஸ்பத்திரி அட்டையில் அவர் கடைநிலை ஊழியர். வீட்டிலும் தெருவிலும் அரை டாக்டர். வைத்தவன் கிண்டலாகத்தான் வைத்தான். ஆனால் வருடம் ஆக ஆகக் கிண்டல் கழன்று விழுந்து, பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது.

காலையில் பெரிய டாக்டர் மாணவர்களோடு வார்டைச் சுற்றிவருவார். கட்டிலின் கால்மாட்டில் நின்று கேள்வி கேட்பார். மாணவர்கள் கூரையைப் பார்ப்பார்கள். அரை டாக்டருக்குப் பதில் நாக்கு நுனியில் துடிக்கும். கையில் இருப்பது மூத்திரப் பாத்திரமாயிற்றே, அதை வைத்துக்கொண்டு பதில் சொன்னால் நன்றாக இருக்காதே என்று விழுங்கிக்கொள்வார். அப்படி விழுங்கி விழுங்கித்தான் வயிறு முழுக்க வைத்தியச் சொல்லாக நிரம்பிப்போனது.

மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துச் சாக்கில் பரப்புகிற மாதிரி அவர் அந்தச் சொற்களைப் பிரித்து வைத்திருந்தார். ஹெமி என்றால் உடம்பில் ஒரு பக்கம். பாரா என்றால் கால் இரண்டும். குவாட்ரி என்றால் கையும் காலுமாக நாலும். பின்னால் பிளீஜியா வந்தால் அசையவே அசையாது. பரேசிஸ் வந்தால் கொஞ்சம் முக்கும். முன்னால் 'அ' வந்தால் அந்தச் சமாச்சாரமே இல்லை. 'டிஸ்' வந்தால் இருக்கிறது, ஆனால் கோணல். வாலில் ஐட்டிஸ் வந்தால் வீக்கம், ஆல்ஜியா வந்தால் வலி. இதற்கு மேல் நரம்பு வைத்தியத்தில் ஒரு மண்ணும் கிடையாது என்பது அவர் கட்சி.

கற்றதைச் சும்மா வைத்திருக்க முடியுமா? டீக்கடைக்காரர் கிளாஸை நீட்ட எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பார்த்து, "உனக்குப் பிராடிகினீசியா" என்பார். கோணல்மாணலாக சைக்கிள் விடுகிறவனுக்கு அட்டாக்ஸியா. வீட்டுக்காரி உள்ளேயிருந்து கூப்பிட்டதும் கன்னப்பொறியில் சுரீர் என்று வருவதற்கு நியூரால்ஜியா.

இதெல்லாம் விளையாட்டு. வார்டில் நடந்தது விளையாட்டில்லை. பெரிய டாக்டர் வந்து இரண்டு நிமிடம் தன் பாஷையில் பொரிந்து தள்ளிவிட்டுப் போவார். நோயாளியின் வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பிறகு எல்லா முகமும் மெல்ல அரை டாக்டர் பக்கம் திரும்பும். அவர் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு தொடங்குவார். "மூளைக்குப் போற குழாய்ல அடைப்பும்மா. எந்த ரூமுக்குத் தண்ணி போகலையோ, அந்த ரூம்ல வேலை நின்னுபோச்சு. மத்த ரூம்லாம் நல்லாத்தான் இருக்கு." கேட்டவர்களுக்கு உயிர் வரும். பெரிய டாக்டருக்கு இது காதில் விழுந்து, ஒருமுறை கூப்பிட்டு எச்சரித்தார். "இன்னொரு தடவை கேஸைப் பத்தி வாயைத் திறந்தே, சலவைக் கூடத்துக்கு மாத்திடுவேன்." ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தார். எட்டாம் நாள் தன்னால் திறந்துகொண்டது.

அப்படிப்பட்ட வார்டுக்குத்தான் ஒரு திங்கட்கிழமை அவருடைய மச்சான் வந்து சேர்ந்தார். மனைவியின் அண்ணன். ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பள்ளிக்கூடத்துக்குத்தான், அவருக்கில்லை. விருந்துக்குப் போன வீட்டில்கூட, பேசுகிறவனை நிறுத்தி உச்சரிப்பைத் திருத்துவார். கெட்ட வார்த்தை காதில் பட்டால் எழுந்து போய்க் கையலம்பிவிட்டு வருவார். காதில் விழுந்ததற்குக் கையை ஏன் கழுவ வேண்டும் என்று அரை டாக்டர் ஒருநாள் கேட்டுத் தொலைத்தார். அன்றிலிருந்து மச்சான் வீட்டில் அவருக்கு மரியாதை இருந்தது. ஆனால் டிஸ்.

காலையில் சவரம் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஸ்கேன் அறைக்குத் தள்ளிப்போகும்போதே அரை டாக்டர் கணக்குப் போட்டுவிட்டார். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. அப்படியானால் அடி விழுந்தது மூளையின் இடது பக்கம். பேச்சும் அந்தப் பக்கம்தானே குடியிருக்கிறது? ஸ்ட்ரெச்சரை இன்னும் வேகமாகத் தள்ளினார். ஆயிரம் இருந்தாலும் மச்சான்.

இரண்டாம் நாள் ஹெட்மாஸ்டர் வாயைத் திறந்தார். வார்டே காத்திருந்தது.

"மயிரு," என்றார்.

அரை டாக்டர் கையில் இருந்த விரிப்பு கீழே விழுந்தது. "மச்சான், என்ன சொன்னீங்க?"

"மயிரு."

"தண்ணி வேணுமா?"

"மயிரு."

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா வந்து படங்களைக் காட்டினார். பூனைக்கும் அதேதான், குடைக்கும் அதேதான், கடிகாரத்துக்கும் அதேதான். சீப்பைக் காட்டியபோது மட்டும், பதில் பக்கத்தில் வந்துவிட்டது என்று பாதி மார்க் போட்டார். அடுத்த கட்டிலில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் கிடந்த லாரி டிரைவர், விபத்து நடந்த நாளிலிருந்து சிரிக்காதவர், அன்றைக்குத் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

அரை டாக்டருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து மச்சான் செய்த இருபத்தாறு வருடத்துத் திருத்தலுக்கு ஆண்டவனே பார்த்து அனுப்பிய பதில் இது என்று பட்டது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் கண்ணில் நீர் வரச் சிரித்துச் சொன்னார். "உங்க அண்ணன் இத்தனை வருஷமா உள்ள அடக்கி வச்சிருந்தாரு பாரு, அடைப்பு திறந்து எல்லாம் வெளிய வருது."

"நெசமாவா?" என்றாள் மனைவி.

"பின்ன? மனசுல கெடந்தது அத்தனையும் இப்பதான் வருது." சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் காலை ஹெட்மாஸ்டரம்மா புருஷனுக்குக் கஞ்சி ஊட்டினாள். முப்பத்தொரு வருடம் அவருக்குப் பிடித்த சூட்டில், பிடித்த உப்பில் கொடுத்த கை. "நல்லாருக்காங்க?" என்று கேட்டாள். சொன்னார். "நான் யாருன்னு தெரியுதா?" என்றாள். அதற்கும் சொன்னார். அவள் கிண்ணத்தை மேஜைமேல் வைத்தாள், முந்தானையை இழுத்துச் சொருகினாள், போனாள். போனவள் வியாழன் வரவில்லை, வெள்ளி வரவில்லை.

இதற்குள் பெரிய டாக்டர் சொல்லிவிட்டார், சனிக்கிழமை டிஸ்சார்ஜ், கட்டிலுக்கு ஆள் காத்திருக்கிறது. பயிற்சி அம்மா அரை டாக்டரை ஓரமாகக் கூப்பிட்டார். "வீட்ல ஒருத்தர் தினமும் பக்கத்துல உக்காந்து பேச்சுக் குடுக்கணும். இன்னிக்கு ஒண்ணு ரெண்டு மூணு சொல்ல வச்சேன், பத்து வரைக்கும் தானா ஓடிட்டாரு. வழி இருக்கு. ஆனா பேச ஆளில்லாத இடத்துல கொண்டுபோய்ப் போட்டீங்கன்னா, இந்த ஒரு வார்த்தையோடதான் காலம் தள்ளுவாரு."

அன்று மத்தியானம் வேலை முடிந்ததும் அரை டாக்டர் மச்சான் வீட்டுக்குப் போனார். ஹெட்மாஸ்டரம்மா கூடத்தில் உட்கார்ந்து புருஷனின் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்கு வர்றதுக்கா அக்கா சட்டை?"

"காப்பகத்துக்கு. பேசிட்டேன். நாளைக்கு வந்து கையெழுத்துப் போட்டுட்டு அப்படியே அனுப்பிடுறேன்."

அரை டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பேச்சு போகிற நோய்க்குரிய தன் சரக்கை எடுத்து விட்டார். "அக்கா, இது அஃபேசியா. அதுலயும் மோட்டார் அஃபேசியா. இடது பக்கம் முன்னால இருக்குதே..."

"எனக்கு எதுக்குத் தம்பி அந்தப் பேரெல்லாம்? நீங்க சொன்னதே போதும்."

"நான் என்ன சொன்னேன்?"

"மனசுல அடக்கி வச்சதுதான் வெளிய வருதுன்னு. உங்க வீட்டுக்காரி அன்னிக்கு ராத்திரியே போன் பண்ணிட்டா. 'அவரே சொல்லிட்டாரு அண்ணி'ன்னா." கையிலிருந்த சட்டையின் காலரை நீவினாள். "முப்பத்தொரு வருஷம். ஒரு நாளு 'சீ'ன்னு சொன்னதில்ல மனுஷன். நானும் பெருமையா இருந்தேன். உள்ளுக்குள்ள இந்த வார்த்தையைத்தான் வச்சுக்கிட்டு என் முகத்தைப் பாத்திருக்காரு."

அரை டாக்டர் அவளுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தார்.

"அக்கா, அது தமாஷு. நான் சும்மா சிரிக்கிறதுக்குச் சொன்னேன்."

"இப்ப இப்படித்தான் சொல்லுவீங்க. உங்களுக்குத் தெரியாத நரம்பா?"

"எனக்கு ஒரு மண்ணும் தெரியாதுக்கா!" கத்தியே விட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்தது. வந்ததே ஒழிய, அவள் நம்பவில்லை. தன் அறியாமைக்கு ஆதாரம் காட்ட வேண்டிய கதி அவருக்கு. "எதுத்த வீட்டு அம்மாவுக்குக் கை நடுங்குதுன்னு பார்கின்சன்னு சொன்னேனா இல்லையா? மூணு நாளு அழுதுச்சு. பாத்தா தைராய்டு. தையல்காரருக்கு வாய் கோணிச்சுன்னு ஸ்ட்ரோக்னு சொல்லி, ஊர்ல இருந்து சொந்தக்காரங்களையெல்லாம் வரவழைச்சேன். அது வெறும் முகவாதம், ஒரு மாசத்துல நேராயிடுச்சு. எனக்கே ஒருதடவை கால் மரத்துச்சுன்னு பாரா பிளீஜியான்னு படுத்துட்டேன். குறுக்க மடிச்சு உக்காந்திருந்தேன், அவ்வளவுதான்."

அவள் சிரிக்கவில்லை. "அப்ப பெரிய டாக்டர் சொல்லட்டும்," என்றாள். "அவரு வந்து நின்னு, எனக்குப் புரியிற மாதிரி சொன்னா கேக்குறேன்."

பெரிய டாக்டரிடம் போவதென்றால், என்ன சொன்னாய், ஏன் சொன்னாய் என்று முதலிலிருந்து வர வேண்டும். அரை டாக்டர் இரவெல்லாம் புரண்டார். விடிந்ததும் போய்ப் பெரிய டாக்டரின் அறைக் கதவைத் தட்டி, உள்ளே போய், எதையும் மறைக்காமல் கொட்டிவிட்டார். சிரித்ததிலிருந்து காப்பகம் வரை.

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஹெமிப்ளீஜியாவைப் பத்தி நீ வெளிய பேசுறதே தப்பு. இதுல அஃபேசியாவுக்கு மனசாட்சி விளக்கம் வேற குடுத்திருக்கே."

"ஆமாங்கய்யா."

"திங்கக்கிழமையிலேருந்து சலவைக் கூடம்."

"சரிங்கய்யா. ஆனா இன்னிக்கு அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை நீங்க சொல்லணும்."

"பதினோரு மணிக்கு வரச் சொல்லு. சொல்றேன்."

பதினோரு மணிக்கு ஹெட்மாஸ்டரம்மா பெட்டியோடு வந்தாள். கட்டிலுக்கு நான்கு அடி தள்ளி நின்றாள், வாசலுக்கு வந்த விருந்தாளி மாதிரி. ஹெட்மாஸ்டர் அவளைப் பார்த்ததும் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அரை டாக்டர் அதைப் பார்த்தார். இரண்டு நாளாக மனுஷன் யாரைக் கண்டாலும் இப்படித்தான் செய்கிறார், வார்த்தை வருவதற்கு முன்னால் பொத்துகிறார், வந்த பிறகு தன் வாயிலேயே அடித்துக்கொள்கிறார். சிரித்துத் திரிந்த நேரத்தில் இதை ஏன் பார்க்காமல் போனோம் என்று நெஞ்சு குறுகுறுத்தது.

பெரிய டாக்டர் ஏழெட்டு மாணவர்கள் பின்தொடர வந்தார். வார்த்தை தவறாதவர். ஹெட்மாஸ்டரம்மா பக்கம் திரும்பி, புரிகிற மாதிரி சொல்லத் தொடங்கினார்.

"அம்மா, இவருக்கு எக்ஸ்பிரசிவ் அஃபேசியா. அதாவது லெஃப்ட் ஹெமிஸ்பியர்ல லேங்வேஜ் ஏரியா டேமேஜ். ஆட்டோமேட்டிக் ஸ்பீச் மட்டும் ப்ரிசர்வ் ஆகியிருக்கு. புரியுதா?"

ஹெட்மாஸ்டரம்மா மெல்லத் தலையைத் திருப்பி அரை டாக்டரைப் பார்த்தாள். மாணவர்களும் பார்த்தார்கள். லாரி டிரைவர்கூடக் கழுத்தைத் திருப்பினார். அரை டாக்டர் தன் வாழ்நாளிலேயே மிகக் கஷ்டமான வேலையைச் செய்தார். வாயைத் திறக்காமல் தரையைப் பார்த்தார்.

பெரிய டாக்டருக்கு முகம் சிவந்தது. இருபத்துநாலு வருடமாகத் தன் வார்டு எப்படி ஓடிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். பேச்சை விட்டுவிட்டு நோயாளியிடம் திரும்பினார்.

"எப்படி இருக்கீங்க சார்?"

ஹெட்மாஸ்டர் வாயைப் பொத்திய கையை எடுத்தார். உதடு துடித்தது. முழு மூச்சையும் சேர்த்து, நல்ல மரியாதையான ஒரு பதிலுக்கு முயற்சி செய்கிறார் என்பது முகத்தில் எழுதியிருந்தது.

"மயிரு."

"தூக்கம் வந்துச்சா?"

"மயிரு."

"குட்," என்றார் பெரிய டாக்டர், ரத்த அழுத்தம் குறித்துக்கொள்கிற குரலில். ஹெட்மாஸ்டர் தன் வாயில் தானே பளாரென்று அடித்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது.

ஹெட்மாஸ்டரம்மா பெட்டியைக் கீழே வைத்தாள்.

"ஐயோ, டாக்டரையா சொன்னாரு?" என்றாள். அவள் தன்பாட்டில் பேசினாள், கண் புருஷன்மேல் இருந்தது. "பெரிய மனுஷனைக் கண்டா இவருக்கு முதுகு தானா வளையும். பள்ளிக்கூடத்துக்கு அதிகாரி வந்தா, ஒருமணி நேரம் முன்னாடியே வாசல்ல போய் நிப்பாரு. போன்ல பேசுனாக்கூட எந்திரிச்சு நிப்பாரு. பயந்தாங்கொள்ளி. இவராவது, டாக்டரைப் பாத்து, அந்த வார்த்தையைச் சொல்றதாவது! தலையே போனாலும் சொல்ல மாட்டாரு." சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். "அப்ப இது இவரு சொல்றதில்ல. வாய் சொல்லுது."

மாணவன் ஒருவன் குறித்துக்கொண்டான். பெரிய டாக்டர், "அதேதாம்மா," என்றார். இரண்டு நிமிடத்தில் தன்னால் முடியாததை இவள் ஒரு வரியில் முடித்துவிட்டாளே என்று பட்டிருக்கும், உடனே சேர்த்துக்கொண்டார். "அதைத்தான் நானும் சொன்னேன்."

"நீங்க எங்க சொன்னீங்க?" என்றாள் ஹெட்மாஸ்டரம்மா. அடுத்த வெட்டு அரை டாக்டருக்கு. "நீங்களும்தான் சொன்னீங்க, தம்பி. வாயில வந்ததைச் சொன்னீங்க. இவருக்காவது மூளையில அடைப்பு. உங்களுக்கு என்ன கேடு?"

"எனக்கு வந்ததுக்குப் பேர் இல்லைக்கா," என்றார் அரை டாக்டர்.

"வைக்கிறேன், வீட்டுக்கு வாங்க. தினமும் சாயங்காலம் வரணும். இவர் கையைப் பிடிச்சு நடக்க வைக்கிறது உங்க வேலை. உங்க வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வாங்க, அவளுக்கும் கொஞ்சம் இருக்கு."

கையெழுத்துப் போடக் கொண்டுவந்திருந்த காப்பகத் தாளை நாலாய் மடித்துப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். கட்டிலுக்குப் போனாள். நான்கு அடியும் ஒரே எட்டில் போன மாதிரி இருந்தது. அடித்துக்கொண்டதில் சிவந்துபோன உதட்டை முந்தானையால் ஒற்றினாள்.

"இனிமே அடிச்சுக்கக் கூடாது, சொல்லிட்டேன். வர்றது வரட்டும். நான் பாத்துக்கறேன்."

அரை டாக்டர் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து, மச்சானை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தார். வாரத் தொடக்கத்தில் ஸ்கேனுக்குத் தள்ளிப்போன அதே உடம்புதான். அன்றைக்கு இவ்வளவு கனம் தெரியவில்லை. நடைவழியில் தள்ளிக்கொண்டு போகும்போது எதிரே வந்த ஒரு குடும்பம் அவரை மறித்தது. கையில் ஸ்கேன் உறை. "அண்ணே, மைலோபதின்னு எழுதியிருக்காங்க. அப்படின்னா என்ன?"

மைலோ முதுகுத்தண்டு, பதி கெட்டுப்போனது. பதில் வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டை வரை வந்துவிட்டது. ஹெட்மாஸ்டரம்மா பக்கத்தில் நடந்துகொண்டே அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதுங்க," என்றார் அரை டாக்டர். "டாக்டரம்மா அந்த ரூம்ல இருக்காங்க. புரியுற வரைக்கும் விடாம கேளுங்க. ரெண்டு நிமிஷத்துல எந்திரிச்சாங்கன்னா, மறுபடி உக்கார வச்சுக் கேளுங்க."

வாசலில் வண்டி நின்றது. ஹெட்மாஸ்டரம்மா முதலில் ஏறி, உள்ளேயிருந்து கையை நீட்டினாள். ஹெட்மாஸ்டர் அந்தக் கையைப் பார்த்தார், வண்டியின் படியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். வாயைப் பொத்தக் கை எழுந்தது. பாதியில் நின்றது.

"மயிரு," என்றார், தயங்கித் தயங்கி, கெஞ்சுகிற குரலில்.

"விழ மாட்டீங்க," என்றாள் அவள். "தம்பி பின்னால பிடிச்சிருக்காரு. இடது காலை முதல்ல வைங்க."